அண்டை வீட்டு வாக்கியம்

ஆலங்காயத்தில் காம்பவுண்டு என்றால் சுவர். "காம்பவுண்டு மேல ஏறாதடா" என்று அம்மாக்கள் கத்துவது அந்தச் சுவரைப் பற்றித்தான். வயதானவர்களுக்குக் கம்பவுண்டர் ஞாபகம் வரும். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, சீசாவில் சிவப்புத் தண்ணீரைக் கலக்கி, பக்கத்தில் அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டித் தருவாரே, அவர். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: அடிப்பாகம் வார்க்கும் ரப்பர் கலவைக்கும் காம்பவுண்டு என்றுதான் பெயர். இத்தனை காம்பவுண்டு புழங்கும் ஊரில் பத்தாம் வகுப்புப் பையனிடம் போய், "காம்பவுண்டு சென்டன்ஸ்னா என்னடா?" என்று கேட்டேன்.

"சுத்திச் சுவர் கட்டின சென்டன்ஸா சார்?"

டியூஷன் திண்ணையே சிரித்தது. நானும் சிரித்தேன். ராத்திரி அகராதியைப் புரட்டியபோதுதான் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. சுவருக்கான காம்பவுண்டு, மலாய் மொழியின் 'கம்போங்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. அடைத்த வளாகம், குடியிருப்பு என்று பொருள். கம்பவுண்டரும் ரப்பர் கலவையும் வாக்கியமும் வேறு வம்சம். 'சேர்த்து வை' என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஒன்று வளைத்துப் பிரிக்கிறது, மற்றொன்று சேர்க்கிறது. எழுத்தும் உச்சரிப்பும் மட்டும் ஒன்று.

ஆனாலும் அந்தப் பையன் சொன்னதை முழுசாகத் தள்ள எனக்கு மனசில்லை. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு இருப்பதை எங்கள் தெருவிலேயே காட்டலாம். இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி அடுப்பு, தனித்தனி ரேஷன் கார்டு. ஒரு வீட்டை இடித்தாலும் மற்றது நிற்கும். ஆங்கிலத்தின் கூட்டு வாக்கியம் அச்சாக இதுதான். இரண்டு பக்கமும் தனக்கென்று ஓர் எழுவாயும் ஒரு பயனிலையும் வைத்துக்கொண்டு, எவர் தயவும் இல்லாமல் நிற்கக்கூடியவை. நடுவில் ஒரு சின்னச் சொல். எங்கள் பிள்ளைகள் அதை 'அண்டு' என்று கடைசியில் உகரம் வைத்துத்தான் சொல்வார்கள். ஆங்கில அண்டுக்கும் தமிழின் அண்டை வீட்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காதுக்கு மட்டும் அப்படித் தோன்றுவதில்லை.

வாணியம்பாடியிலிருந்து காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் மலையேறும் பஸ்கள் தொட்டுப் போகும் ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் ஏலகிரி, மறுபக்கம் ஜவ்வாது. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பத்தூரோடு போய்விட்டோம். வாய் இன்னும் வேலூர் மாவட்டம் என்றுதான் சொல்கிறது. விடிகாலையில் கம்பெனி வண்டி பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்து கொண்டுவந்து விடும். அதே நேரத்தில்தான் அவர்களுடைய பிள்ளைகள் என் திண்ணையில் சிம்பிள், காம்பவுண்டு, காம்ப்ளெக்ஸ் என்று ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் பள்ளி முடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பாட்டைச் சொல்லவே வேண்டாம். நோட்ஸில் மூன்று கட்டம் போட்டிருக்கும். 'இன் ஸ்பைட் ஆஃப்' என்றால் 'தோ', 'தோ' என்றால் 'பட்'. 'பிகாஸ் ஆஃப்' என்றால் 'ஆஸ்', 'ஆஸ்' என்றால் 'சோ'. பெருக்கல் வாய்ப்பாடு போலவே குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் மறந்தேன். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பிறகே அந்த மூன்று கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தேன்.

இன் ஸ்பைட் ஆஃப் தி ரெய்ன், ஹி கேம். இது சிம்பிள். தோ இட் ரெய்ன்ட், ஹி கேம். இது காம்ப்ளெக்ஸ். இட் ரெய்ன்ட், பட் ஹி கேம். இது காம்பவுண்டு. மூன்றுக்கும் ஒரே பொருள் என்று நோட்ஸ் சொல்கிறது. மதிப்பெண்ணுக்கு அது போதும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் மழை வெறும் பெயர். உப்புப் போட்டு மடித்து வைத்த தோல் மாதிரி கிடக்கிறது. இரண்டாவதில் அது ஒரு சாக்கு. அவன் வரவைச் சொல்லுவதற்காக முன்னால் நிறுத்திய ஆள். மூன்றாவதில்தான் மழை மழையாகப் பெய்கிறது. பெய்து முடிந்ததும், அதற்குச் சமமான உயரத்தில், அவன் வருகிறான். எவரும் எவருக்கும் எடுபிடி இல்லை. பட் என்ற ஓர் அசை இரண்டுக்கும் நடுவில் நின்று, "இப்படி ஆகும் என்று நினைத்தீர்களா?" என்று நம் முகத்தைப் பார்க்கிறது.

இந்தச் சமத்துவம்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கையில் பிடிபடாதது. காரணம் மந்தபுத்தி இல்லை. அவர்கள் வாயில் இருக்கும் மொழிகள்.

தமிழ் இலக்கணக்காரர்கள் வினைக்கு வைத்த இரண்டு பெயர்களை நான் அடிக்கடி உருட்டிப் பார்ப்பதுண்டு. முற்று, எச்சம். முடிந்தது ஒன்று, மிச்சம் உள்ளது ஒன்று. 'வந்தான்' முற்று, யார், எத்தனை பேர், எப்போது என்று எல்லாக் கணக்கும் அதற்குள் தீர்ந்துவிட்டது. 'வந்து' எச்சம், பின்னால் ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கும் சொல். பாடம் படிக்காமல் வந்த பையன் கேள்விக்கு முன்னால், "அது வந்து சார்... வந்து..." என்று இழுக்கிறானே, எத்தனை பொருத்தமான சொல்லைப் பிடித்து இழுக்கிறான்! முற்று வராத வரைக்கும் அவன் தப்பித்தான்.

தமிழில் நாலு காரியத்தை ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமென்றால், மூன்றை எச்சமாக்கிவிட்டுக் கடைசிக்கு மட்டும் முற்றுக் கொடுப்போம். எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினாள். நாலு வேலை, ஆனால் முடிவு ஒன்றுதான், அதுவும் கடைசியில். முன்னால் போன மூன்றும் அந்தக் கடைசி வினைக்குத் தோள் கொடுக்கின்றன. நேர வரிசையும் எச்சத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டு எழுந்தாள் என்றால் வேறு கதை.

எங்கள் பக்கத்தின் விசேஷம் இனிமேல்தான் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி பெல்ட்டில் ஒரே பெஞ்சில் தமிழ் பேசுகிறவர், உருது பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் மூவரும் உட்கார்ந்திருப்பது அதிசயம் கிடையாது. சாப்பாட்டு மணி அடித்தால் தமிழ்க்காரி, "சாப்ட்டு வா" என்பாள். தெலுங்குக்காரி, "தினி ரா" என்பாள். தக்னி உருது பேசுகிறவள், "காகோ ஆ" என்பாள். மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால், முதல் சொல் மூன்றிலும் எச்சம். புத்தக உருதுவில் 'கர்' என்று முடிவதைத் தக்னி 'கோ' என்று முடிக்கிறது, வேலை ஒன்றுதான். தமிழும் தெலுங்கும் ஒரு குடும்பம், உருது வேறு குடும்பம். இருந்தும் வாக்கியத்தைத் தைக்கும் கை ஒன்றாக இருக்கிறது. இந்தியா முழுவதுமே மொழிகள் குடும்பம் தாண்டி ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்பதை எமனோ என்ற மொழியியலாளர் 1956-இல் ஒரு கட்டுரையில் விரித்துச் சொன்னார். காலின் மாசிகா 1976-இல் எழுதிய நூலில் இந்த எச்சத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, இது எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடத்தோடு காட்டினார். அந்த வரைபடத்தை ஒரு ஷூ கம்பெனி சாப்பாட்டுக் கூடத்திலேயே போட்டுவிடலாம் என்பேன்.

இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்து, 'ஈட் அண்ட் கம்' என்கிறது. ஈட்டும் முழுசு, கம்மும் முழுசு. எதையும் எச்சமாக்கவில்லை, இரண்டையும் அப்படியே வைத்து நடுவில் ஓர் ஆணி.

இங்கே ஒரு சுவையான கலப்புக் குழந்தை பிறந்தது. 'ஐ வில் கோ அண்ட் கம்.' தமிழ்நாட்டில் ஆங்கிலம் பேசும் எவரும் வாசலில் நின்று சொல்லும் வாக்கியம். 'போறேன்' என்று மட்டும் சொல்லி ஒருவர் வீட்டுப் படியிறங்கினால் நமக்கு அடிவயிறு என்னவோ செய்யும். போய்ட்டு வரேன் என்றால்தான் நிம்மதி. லண்டன்காரர் இதைக் கேட்டால், போவதைச் சொன்னாய், சரி, வருவதை ஏன் இப்போதே சொல்கிறாய் என்று விழிப்பார். தவறு என்று சிவப்பு மையில் சுழிக்கும் ஆசிரியர்கள் உண்டு. நான் சுழிப்பதில்லை. போய்ட்டு என்ற எச்சத்தை முற்றாக நிமிர்த்தி, அண்டு போட்டு, வருவதை அதன் பக்கத்தில் சமமாக உட்கார வைத்த திறமை இருக்கிறதே, அதை வாய்ப்பாடு கற்றுத்தரவில்லை.

தைப்பதைப் பற்றிச் சொன்னேன். அதை எனக்குக் கையில் காட்டியவர் ஒரு மாணவியின் அம்மா. ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பீஸ் கட்ட வந்தவர், திண்ணையில் கிடந்த பழைய ஷூ ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சும்மா கேட்டு வைத்தேன், இரண்டு தோலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் தடிக்காதா என்று.

"தடிக்கும் சார். அதுக்குத்தான் ஸ்கைவிங் மெஷின்ல வுட்டு ஓரத்தை மட்டும் சீவிடுவாங்க. உள்பக்கம், சதைப்பக்கம். மேல பாத்தா தெரியாது. சீவலன்னா ரெண்டும் ஏறிக்கினு மேடு தட்டும், கால்ல குத்தும்."

"அதிகமா சீவிட்டா?"

"தையல்ல பிச்சிக்கும்."

விரலால் அந்தத் தையலைத் தடவிக் காட்டினார். இரண்டு வரிசை நூல், பக்கத்தில் பக்கத்தில், ரயில் தண்டவாளம் மாதிரி. கீழே ஒரு தோலின் ஓரம் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. வெளியே எந்த மேடும் இல்லை. நான் அதுவரை அந்த ஷூவை எத்தனையோ முறை போட்டுக் கழற்றியிருக்கிறேன், பார்த்ததில்லை.

அன்று மாலை வகுப்பில் நடத்தியது இதைத்தான். 'ஷி கேம் ஹோம், அண்ட் ஷி லிட் தி ஸ்டவ்.' இலக்கணத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டாவது 'ஷி' மேடு தட்டுகிறது. அதைச் சீவினால், 'ஷி கேம் ஹோம் அண்ட் லிட் தி ஸ்டவ்.' காற்புள்ளியும் கூடவே போய்விட்டது, கவனியுங்கள். சீவின பிறகு இதைக் கூட்டு வாக்கியம் என்பதா, ஒரே எழுவாய்க்கு இரட்டைப் பயனிலை கொண்ட தனி வாக்கியம் என்பதா என்று ஆங்கில இலக்கணக்காரர்கள் இன்னும் ஒருமனதாக இல்லை. நம் தமிழ்ப் பாடநூல் அந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை. ஓர் எழுவாய் பல பயனிலை பெற்று வந்தால் அது தொடர் வாக்கியம் என்று சொல்லிவிடுகிறது. ஆகக் காலை இரண்டாம் பீரியடில் தமிழ் ஐயா தொடர் வாக்கியம் என்று சொன்னதை, மதியம் இங்கிலீஷ் மிஸ் சிம்பிள் என்று சொல்லக்கூடும். இரண்டு பேரும் சரி. பிள்ளைகள்தான் பாவம்.

சீவுவதிலேயே இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. 'தி எல்டர் சிஸ்டர் ஒர்க்ஸ் இன் ஸ்டிச்சிங், அண்ட் தி யங்கர், இன் கட்டிங்.' இரண்டாவது பாதியில் வினையே இல்லை. வினை இருந்த இடத்தில் ஒரு காற்புள்ளி. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி நம் மனசு அங்கே போய் ஒர்க்ஸ் என்பதை நிரப்பிக்கொள்கிறது. இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். அக்கா ஸ்டிச்சிங்கிலும் தங்கை கட்டிங்கிலும் வேலை செய்கிறார்கள். நாமும் ஒரு வினையை மிச்சம் பிடித்தோம், ஆனால் முதல் பாதியில். ஆங்கிலம் முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் கையை மடக்குகிறது. தமிழ் முதலில் கையை மடக்கி வைத்துக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கிறது. வினை நடுவில் வரும் மொழிக்கும் கடைசியில் வரும் மொழிக்கும் இந்த வித்தியாசம் பொதுவில் உண்டு என்று ஜான் ராஸ் 1970-இல் எழுதிக் காட்டினார். அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தாரோ!

சேர்க்கும் சொல்லை மட்டும் மாற்றி விளையாடுவது எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 'தி டேனரி குளோஸ்ட்' என்று ஒரு பாதி. 'ஹி பாட் ஏன் ஆட்டோ' என்று மறுபாதி. தோல் ஷாப்பு மூடியது. அவர் ஆட்டோ வாங்கினார். இரண்டையும் கரும்பலகையில் தள்ளித்தள்ளி எழுதிவிட்டு நடுவில் இடம் விடுவேன். 'சோ' என்று ஒருவன் போடுவான். வேலை போனதால் ஆட்டோ. நியாயமான கதை, கொஞ்சம் சப்பென்ற கதை. 'பட்' என்று ஒருத்தி போடுவாள், உடனே வகுப்பில் கிசுகிசு கிளம்பும், "பணம் ஏது சார்?" ஓர் அசை மாறியதில் அந்த மனிதர் மேல் சந்தேகமே வந்துவிட்டது. 'யெட்' போட்டால் அதே சந்தேகம் வேட்டியை மடித்துக் கட்டாமல் கௌரவமாக நிற்கும். 'அண்ட்' போட்டால்? அது எதையும் சொல்லுவதில்லை. மூடியது, வாங்கினார், அவ்வளவுதான். ஏன், எப்படி என்பதெல்லாம் கேட்பவர் பாடு. நாலு சொல்லில் அழுத்தக்காரச் சொல் இதுதான் என்பது என் கட்சி.

அதற்காக அண்டுக்கு ஒன்றுமே தெரியாது என்றும் நினைத்துவிட முடியாது. தர்க்கக்காரர்களுக்கு அண்டின் இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றினாலும் உண்மை மாறாது. பேச்சில் மாறிவிடும். கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது என்பதை முன்பின்னாக்கிச் சொல்லிப் பாருங்கள், எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓயாது. அந்த நேர வரிசை அண்டின் அர்த்தத்துக்குள் இல்லை, பேசுகிறவர் ஒழுங்காகச் சொல்வார் என்று நாம் வைக்கும் நம்பிக்கையில் இருக்கிறது என்று பால் கிரைஸ் ஹார்வர்டில் 1967-இல் தொடங்கிய சொற்பொழிவுகளின் வழியே விளக்கம் கிடைத்தது. தமிழ் எச்சம் சொல்லுக்குள்ளேயே கட்டி வைத்திருப்பதை ஆங்கிலம் நம்பிக்கையின் பேரில் நடத்துகிறது.

ரென் அண்ட் மார்ட்டின் இந்தச் சொற்களை நாலு கூட்டமாகப் பிரிக்கிறது: கூட்டுவது, எதிர்ப்பது, இதுவா அதுவா என்று கேட்பது, ஆகையால் என்று முடிவு கட்டுவது. 1930-களில் வந்த புத்தகம், அட்டையிலேயே ஓர் அண்டு. அதில் ரென் என்பவர், பிரெஞ்சு வெளிநாட்டுப் படையை வைத்து 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிய அதே ரென். பம்பாய் மாகாணத்தில் கல்வி அதிகாரியாக இருந்தவர். பாலைவனக் கோட்டையில் துப்பாக்கி வெடிக்க வைத்தவர்தான் நமக்கு வாக்கிய மாற்றமும் கற்றுக்கொடுத்தார் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

அந்த நாலு கூட்டத்தில் எனக்குச் செல்லப்பிள்ளை 'நார்'. பூத்தொடுக்கும் நார் இல்லை. ஆனாலும் தொடுக்கத்தான் செய்கிறது. 'ஹி டிட் நாட் ஈட், நார் டிட் ஹி ஸ்லீப்.' சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. நார் வந்ததும் 'டிட்' எழுவாயைத் தாண்டிக்கொண்டு முன்னால் குதிக்கிறது, கேள்வி கேட்கிற மாதிரி. கேள்வி இல்லை. நார் என்ற சொல்லின் வேகத்தில் வாக்கியம் ஒரு முறை திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். தமிழ்ப் பக்கமும் அதே இடத்தில் ஓர் அழகு நடக்கிறது. நம்முடைய 'உம்' பெயரோடு தாராளமாக ஒட்டும்: அம்மாவும் பெண்ணும். இன்றைய தமிழில் முற்றோடு மட்டும் ஒட்டாது. சாப்பிட்டானும் தூங்கினானும் என்று எவரும் சொல்வதில்லை. அதனால் வினையையே உடைத்து, சாப்பிட என்று எடுத்து, அதன் வாலில் உம்மைக் கட்டி, இல்லை என்பதைத் தனியே நிறுத்துகிறோம். தொல்காப்பியம் இந்த ஓரெழுத்தும் புள்ளியுமான உம்முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. ஐயத்துக்கும் உம், சிறப்புக்கும் உம், எண்ணுவதற்கும் உம். இத்தனை வேலை செய்யும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்தார் மற்றும் பேசினார் என்று எழுதுகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? மற்றும் என்பதை ஊர்ப்பெயருக்கு நடுவே செய்தித்தாளில் சகித்துக்கொள்ளலாம். இரண்டு முற்றுக்கு நடுவில் வந்தால் செருப்பில் புகுந்த கல்.

வேறொன்றும் கவனித்தேன். ஆங்கிலத்தின் சேர்க்கும் சொற்கள், பார்க்கிறவரைக்கும், உலர்ந்த சிறு ஆணிகள். அண்ட், பட், ஆர், சோ. அவற்றுக்குள் இன்று வேறு சொல் கண்ணுக்குத் தெரியவில்லை. நம்முடையவை அப்படி இல்லை. தட்டினால் உள்ளே வினை இருக்கிறது. ஆனால் என்பதற்குள் ஆகு இருக்கிறது. அப்படி ஆகுமானால் என்று நிபந்தனையாக இருந்ததுதான் எதிர்ப்புச் சொல்லாக வளர்ந்தது. ஆகவே, ஆகையால் இரண்டிலும் அதே ஆகு. இருந்தாலும் என்பதில் இரு. என்றாலும் என்பதில் என். அல்லது என்பதில் அல், அது அல்லாதது. சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் வினையிலிருந்தே நார் உரித்துக்கொள்ளும் மொழி இது.

புள்ளிகளுக்கு வருகிறேன். இதில் தமிழ் ஆங்கிலத்தை ஜெயித்துவிட்டது என்று வகுப்பில் பெருமையடிப்பேன். கமா, செமிகோலன் என்ற பெயர்களிலிருந்து ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் விளங்காது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. பால்காரர் உழக்கு மாதிரி அளவே பெயரில் இருக்கிறது. தமிழ் உரைநடையில் இந்தக் குறிகளைப் பரப்பியவர்களில் ஆறுமுக நாவலர் முன்வரிசைக்காரர். இவற்றுக்குப் பின்னம் வைத்துப் பெயரிட்ட புத்தியை எத்தனை பாராட்டினாலும் தகும். முற்றுப்புள்ளியில் வரும் முற்று வினைமுற்றிலும் இருக்கிறது என்பதைச் சொல்லும்போது எப்போதும் யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இந்த அளவை வைத்துக்கொண்டால், ஆங்கிலக் கூட்டு வாக்கியத்தில் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு கணக்குத் தப்பாகிவிடுகிறது. 'தி ஸ்கை வாஸ் கிளியர், தி டோம் வாஸ் ஓப்பன்.' வானம் தெளிவு, குவிமாடம் திறந்திருந்தது. காவலூர் வேணு பாப்பு வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒருவன் எழுதியது. 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவனை மிரட்டியிருந்தது. தமிழில் இப்படிக் காற்புள்ளி போட்டு இரண்டு முற்றை அடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலம் கேட்கும். இரண்டு முழு வீட்டுக்கு நடுவில் கால் புள்ளி தாங்காது என்பது அதன் கணக்கு. ஒன்று, அரைப்புள்ளி போடு. இல்லையா, கால் புள்ளியோடு ஓர் அண்டோ சோவோ சேர்த்து அரையாக்கு. "கால் கூட்டல் அண்டு சமம் அரை" என்று பலகையில் எழுதினேன். கணக்கு மிஸ் பார்த்தால் அடிப்பார்.

அரைப்புள்ளி என்பது வெனிஸ் நகரத்தில் அல்டஸ் மனுஷியஸ் என்ற அச்சுக்காரர் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்த்துக் கொடுத்தது. பியத்ரோ பெம்போ எட்னா எரிமலை மேல் ஏறி வந்து எழுதிய சின்னப் புத்தகத்தில் அது முதன்முதலாகத் தலைகாட்டியது. மேலே முற்றுப்புள்ளி, கீழே காற்புள்ளி. நிற்கவும் சொல்கிறது, நடக்கவும் சொல்கிறது. சேர்க்கும் சொல்லே வேண்டாம் என்று இரண்டு வாக்கியம் தாங்களாகவே பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் இடம் அது. பரீட்சைக்கு அவ்வளவாக வராது என்பதால் வேகமாகக் கடந்துவிடுவேன்.

போன வருஷம் ஐந்து கூட்டு வாக்கியம் சொந்தமாக எழுதி வரச் சொன்னேன். அந்த ஸ்டிச்சிங் அம்மாவின் பெண் எழுதியிருந்த நாலாவது வாக்கியம்: 'மை மதர் ஸ்டிச்சஸ் லெதர் ஷூஸ், அண்ட் ஷி வேர்ஸ் ரப்பர் ஸ்லிப்பர்ஸ்.' அம்மா தோல் ஷூ தைக்கிறார், ரப்பர் செருப்புப் போடுகிறார். படித்த வேகத்தில் அண்டையும் அதன் காற்புள்ளியையும் சேர்த்துச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மேலே 'பட்' என்று எழுதினேன். தைப்பது ஒன்று, போடுவது ஒன்று. முரண் வருகிறதே, எதிர்ப்புச் சொல்தானே வர வேண்டும்? நோட்ஸும் அப்படித்தான் சொல்லும்.

நோட்டைத் திருப்பி வாங்கியவள் போகாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"பட் எதுக்கு சார்? எங்கம்மா செருப்புதான் போடுவாங்க."

அவளுக்கு அதில் திடுக்கிட ஒன்றும் இல்லை. அம்மா ஷூ தைக்கிறார், அம்மா செருப்புப் போடுகிறார். காலையும் மாலையும் போல இரண்டு நடப்பு, சமமாக, பக்கத்தில் பக்கத்தில். முரண் என் கண்ணில் இருந்தது. அதை அவள் வாக்கியத்துக்குள் ஆணியடித்து வைக்கப் பார்த்தேன். அண்டு என்றிருந்தபோது அந்த வாக்கியம் எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் என் மடியில் போட்டது; பட் என்றதும் அது பேச்சுப்போட்டி மேடை ஏறிவிட்டது.

நோட்டைத் திரும்ப வாங்கி, பட்டை அடித்தேன். அடித்த இடத்துக்குமேல் நுணுக்கி நுணுக்கி அண்ட் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.

"கமா வுட்டுட்டீங்க சார்."